டூட்டி முடிந்து வரும் நர்ஸ்களுக்கு ஜெர்மன் வகுப்பு: ஓர் ஆசிரியையின் கேள்வியும் பதிலும்

கேள்வி: கோவையில் ஒரு தனியார் மையத்தில் ஜெர்மன் சொல்லிக்கொடுக்கிறேன். திங்கள் முதல் வெள்ளி வரை மாலை 6.30 முதல் 8.30 வரை வகுப்பு. 18 பேர், எல்லோரும் ஸ்டாஃப் நர்ஸ்கள். ஜெர்மனியில் வேலைக்குப் போகத் தயாராகிறார்கள். மொழித் தேர்ச்சியின் முதல் இரண்டு நிலைகளான ஏ1, ஏ2 முடித்து இப்போது மூன்றாவது நிலையான பி1 நடக்கிறது. டூட்டி முடிந்ததும் நேராக வகுப்புக்கு வருகிறார்கள். ஏழரை மணிக்கு மேல் பாதிப் பேருக்குக் கண் சொருகுகிறது. மாதத் தொடக்கத்தில் 18 பேர் இருந்தால் மாதக் கடைசியில் பத்துப் பேர்கூட இருப்பதில்லை. “கிளாஸ் போரடிக்குதாம், கேம்ஸ் வையுங்க” என்கிறார் நிர்வாகி. வைத்துப் பார்த்தேன், அன்றைக்கு மட்டும் சிரிக்கிறார்கள். நாற்பதை நெருங்கும் ஒரு அக்கா கடைசி வரிசையில் உட்கார்ந்து ஒரு மாதமாக வாயே திறப்பதில்லை. அவரும் நின்றுவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. இவர்களை எப்படித் தக்கவைப்பது?

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு கவலைகள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று, ஏழரை மணிக்குக் கண் சொருகுவது. இன்னொன்று, ஆட்கள் நின்றுபோவது. இரண்டுக்கும் களைப்புதான் காரணம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள், சலிப்பு என்று நிர்வாகி நினைக்கிறார். மொழி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் தொழில். மாலை வகுப்புகளின் பின்வரிசையில் நிறையவே உட்கார்ந்திருக்கிறேன். அங்கே நான் பார்த்த வரையில், களைப்பு என்பதற்காக வகுப்பை விடுகிறவர்கள் குறைவு. “நான் மட்டும் பின்தங்கிட்டேன், இனிமே பிடிக்க முடியாது” என்று நினைக்கிறவர்கள்தான் விடுகிறார்கள். அதனால் தூக்கத்தை அப்புறம் பார்ப்போம். ஆட்கள் ஏன் குறைகிறார்கள் என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

எல்லோருடைய டூட்டி ரோஸ்டரையும் கேட்டு வாங்குங்கள். மருத்துவமனைக்கு மருத்துவமனை நேரம் சற்று மாறலாம், ஆனால் காலை, மாலை, இரவு என்று மூன்று ஷிஃப்ட் சுழல்வது பொதுவானது. மதியம் இரண்டு மணிக்கு வார்டுக்குள் போகிறவரால் 6.30-க்கு உங்கள் வகுப்பில் இருக்க முடியாது. நைட் டூட்டிக்காரர் கடைசி அரை மணி நேரத்தை விட்டுவிட்டு ஓட வேண்டியிருக்கும். வாரத்துக்கு ஒருமுறை ஷிஃப்ட் மாறுகிறது என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொருவரும் மூன்று வாரத்தில் ஒரு வாரத்தை முழுதாக இழக்கிறார்கள். பாடப்புத்தகத்தில் மூன்றில் ஒரு பங்கு அவர்கள் காதில் விழாமலே போகிறது. எந்த வாரத்தை எடுத்தாலும் ஆறு பேர் இருக்க மாட்டார்கள். உங்கள் வருகைப் பதிவேட்டில் தெரியும் குறைவில் பெரும்பகுதி இந்தக் கணக்காகவே இருக்கக்கூடும்.

அப்படி ஒரு வாரம் வராமல் போனவர் திரும்பி வரும் நாளைக் கவனியுங்கள். அவர் விட்டது 52-ஆம் பக்கம், வகுப்பு இப்போது 64-இல் நிற்கிறது. பக்கத்துப் பெண்ணின் நோட்டை எட்டிப் பார்த்து வேகமாக எழுதுகிறார். நீங்கள் கேள்வி கேட்கும்போது தலையைக் குனிந்துகொள்கிறார். மறுநாள் தலைவலி. அதற்கடுத்த நாள் ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார். பத்து நாள் கழித்து வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் காணாமல் போகிறார். இதில் சலிப்புக்கு இடமே இல்லை. வார்டில் பத்துப் பன்னிரண்டு நோயாளிகளைத் தனியாகப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெண்மணி, மாலையில் எதுவும் தெரியாதவராக உட்கார வேண்டியிருக்கிறது. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

ஆகவே ஒரே இலக்கணத்தை இரண்டு வாரம் ஓட்டுங்கள். முதல் வாரம் ஒரு சூழலில், அடுத்த வாரம் அதே இலக்கணம் வேறொரு சூழலில். ஒரு வாரம் விட்டவருக்கு அடுத்த வாரம் அது கிடைத்துவிடும். இரண்டு வாரமும் இருந்தவருக்கு மனதில் பதியும். பாடம் மெதுவாகப் போகிறதே என்று நிர்வாகி கேட்டால், இப்போதைய வேகத்தில் மாதக் கடைசி வரை கூட வருகிறவர்கள் எத்தனை பேர் என்று பதிவேட்டைத் திறந்து காட்டுங்கள். அதோடு ஒவ்வொரு திங்கட்கிழமையும் அரைப் பக்கத் தாள் ஒன்று தயாரித்து வாட்ஸ்அப்பில் போடுங்கள்: இந்த வார இலக்கணம் ஒன்று, சொற்கள் பத்து, அவை வரும் வாக்கியங்கள் மூன்று. அவ்வளவுதான். விட்டவர் பஸ்ஸில் அதைப் படித்துவிட்டு உள்ளே வரலாம். வந்தவரிடம் “ஏன் வரல?” என்ற கேள்வியே வேண்டாம். உங்கள் கரிசனத்தில் கேட்பீர்கள், அவர் காதில் அது விசாரணையாக விழும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. பி1 எட்ட 45 நிமிடப் பாடவேளைகள் 350 முதல் 650 வரையும், அதற்கடுத்த நிலையான பி2 எட்ட 600 முதல் 800 வரையும் ஆகும் என்பது, ஜெர்மன் கற்பித்துத் தேர்வும் நடத்தும் கோதே இன்ஸ்டிடியூட் சொல்லும் பொதுவான அளவு. அடிப்படையிலிருந்து மொத்தமாக எண்ணிச் சொல்வது இது. உங்கள் வகுப்பு வாரத்துக்குப் பத்து மணி நேரம், அதாவது 13 பாடவேளைக்குச் சற்று மேல். ஒரு நாள் விடாமல் வந்தாலும் ஆறு மாதத்தில் 350-ஐத்தான் தொட முடியும். ஆனால் “ஆறே மாதத்தில் பி2” என்று நோட்டீஸ் அடிக்கும் இடங்கள் எத்தனையோ உண்டு. அந்த வாக்கை நம்பிப் பணம் கட்டியவர், ஐந்தாவது மாதத்திலும் பி1 பாடத்தில் தடுமாறும்போது தன் மூளையைத்தான் சந்தேகப்படுவார், நோட்டீஸைச் சந்தேகப்பட மாட்டார். இந்தக் கணக்கைப் பலகையில் எழுதி வகுப்பிலேயே போட்டுக் காட்டுங்கள். இதுவரை எத்தனை பாடவேளை ஆகியிருக்கிறது, இன்னும் எத்தனை வேண்டும் என்று அவர்களே கூட்டிப் பார்க்கட்டும். மனம் தளர்ந்துவிடுவார்கள் என்று பயப்பட வேண்டாம். தன் மேல் தவறில்லை என்று தெரிந்துகொண்டால் பெரியவர்களுக்குத் தெம்புதான் வரும்.

இனி அந்த இரண்டு மணி நேரத்துக்கு வருகிறேன்.

முதலில் வயிறு. மதியம் கிடைத்த நேரத்தில் எதையோ சாப்பிட்டுவிட்டு வந்தவர்களுக்கு ஏழரை மணிக்குக் கண் சொருகாமல் வேறென்ன செய்யும்? 7.15-க்குப் பத்து நிமிடம் டீ, பன், அல்லது ஒரு கை சுண்டல். மையம் செலவு செய்யாவிட்டால் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாங்கிக்கொள்ளலாம். இந்தப் பத்து நிமிடத்தை வீண் என்று நினைக்காதீர்கள். வகுப்பை 8.25-க்கு முடித்துவிடுங்கள், ஒரு நாளும் அதைத் தாண்டாதீர்கள். ஹாஸ்டல் கேட் மூடும் நேரமும் கடைசி டவுன் பஸ்ஸும் மனதில் ஓடிக்கொண்டிருந்தால் எட்டு மணிக்கு மேல் சொல்வது எதுவும் உள்ளே போகாது.

அடுத்தது பாட வரிசை. பொதுவாக எப்படி நடக்கிறது? வந்ததும் வருகைப் பதிவு, வீட்டுப்பாடம் பார்த்தல், புது இலக்கண விளக்கம், பயிற்சி, கடைசியில் நேரமிருந்தால் பேச்சு. அதாவது கேட்டுக்கொண்டு சும்மா இருக்கும் வேலை முதலில், வாய் திறக்கும் வேலை கடைசியில். களைத்த உடம்பைக் கேட்க மட்டும் உட்கார வைத்தால் தூங்கத்தான் செய்யும். இதைத் தலைகீழாக்குங்கள். உள்ளே வந்த ஐந்தாவது நிமிடத்தில் எல்லோரும் பேசிக்கொண்டிருக்க வேண்டும். பேசுவது புதியதாக இருக்கக் கூடாது, அவர்களுக்குத் தலைகீழாகத் தெரிந்த விஷயமாக இருக்க வேண்டும்.

நர்ஸ்களுக்கு அப்படிப்பட்ட விஷயம் ஒன்று கையிலேயே இருக்கிறது: ஹேண்ட் ஓவர். ஷிஃப்ட் மாறும்போது அடுத்தவரிடம் நோயாளியை ஒப்படைத்துச் சொல்வது. ஜெர்மன் வார்டில் அதற்கு ‘ஊபர்காபெ’ என்று பெயர், நாளைக்கு அங்கே தினமும் செய்யப்போகிற வேலை அது. இரண்டிரண்டு பேராக நிற்க வையுங்கள். உட்கார வேண்டாம், வார்டில் நின்றுகொண்டுதானே சொல்கிறார்கள். ஒருவர் சொல்கிறார்: “ஹெர் வேபர், 72 வயது. எர் ஹாட் ஷ்லெஷ்ட் கெஷ்லாஃபன்.” சரியாகத் தூங்கவில்லை. “எர் ஹாட் ஷ்மெர்ட்ஸன் இம் லிங்கன் க்னீ.” இடது முழங்காலில் வலி. கேட்பவர் குறிப்பெடுத்துக்கொண்டு ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும். இரண்டு நிமிடம் ஆனதும் ஜோடி மாறுகிறது. அதே நோயாளியைப் பற்றி அதே செய்தி, இப்போது ஒன்றரை நிமிடத்தில். மறுபடி ஜோடி மாறி, ஒரு நிமிடத்தில். சரளமாகப் பேசப் பழக்குவதற்கு மொழி ஆசிரியர்களிடம் நெடுநாளாக இருக்கும் பயிற்சி இது. நான்கு, மூன்று, இரண்டு நிமிடம் என்பது வழக்கமான அளவு, களைத்த வகுப்புக்கு அதைப் பாதியாக்கிச் சொல்கிறேன். மூன்றாவது முறை சொல்லும்போது தன் நாக்கு முன்னைவிட வேகமாகப் புரள்வது அவர்களுக்கே தெரியும். ‘முன்னேறுகிறோம்’ என்பதை நீங்கள் வாயால் சொல்லவே வேண்டாம். நிஜ நோயாளியின் பெயரும் விவரமும் மட்டும் வகுப்புக்குள் வரக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அது தொழில் தர்மம், ஜெர்மனியிலும் அதில் மிகக் கண்டிப்பாக இருப்பார்கள்.

புது இலக்கணத்துக்கு டீக்குப் பிறகு இருபது நிமிடம் போதும். இங்கே உங்களிடம் ஒரு வேண்டுகோள்: ஆங்கிலம் வழியாகப் போகாதீர்கள். பல மையங்களில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஜெர்மனை ஆங்கிலத்தில் விளக்குகிறார்கள். களைத்த மூளைக்கு அது இரட்டை அலைச்சல். தமிழிலிருந்து நேராகப் போனால் எவ்வளவு சுலபம் என்று பாருங்கள். நோயாளி ‘எனக்குத் தலை சுற்றுகிறது’ என்பதை “மியர் இஸ்ட் ஷ்விண்டெலிஷ்” என்று சொல்வார். குமட்டினால் “மியர் இஸ்ட் ஊபல்”, குளிரெடுத்தால் “மியர் இஸ்ட் கால்ட்”. எல்லாவற்றிலும் முன்னால் நிற்கும் ‘மியர்’ நம் ‘எனக்கு’தான், நாலாம் வேற்றுமை. ஆங்கிலம் வழியே போகிறவர் ‘நான்’ என்று தொடங்கி “இஷ் பின் கால்ட்” என்பார், அது மனசில் ஈரமில்லாதவள் என்று தன்னையே சொல்லிக்கொள்வதாகிவிடும். வகுப்பில் மலையாளப் பெண்கள் இருந்தால் அவர்களுக்கும் ‘எனிக்கு’ இருக்கிறது, கவலையில்லை.

காரணம் சொல்லும் ‘வைல்’ வாக்கியமும் அப்படித்தான். ஆங்கிலத்தில் படித்தவர்களை மாதக்கணக்கில் படுத்துவது, அந்த வாக்கியத்தில் வினைச்சொல் கடைசிக்குப் போய்விடும் என்பது. “எர் ஹாட் ஷ்லெஷ்ட் கெஷ்லாஃபன், வைல் எர் ஷ்மெர்ட்ஸன் ஹாட்டெ.” வலி இருந்ததால் தூங்கவில்லை. ‘ஹாட்டெ’ கடைசியில் நிற்பது போலத்தான் ‘வலி இருந்ததால்’ என்பதில் ‘இருந்ததால்’ கடைசியில் நிற்கிறது. வினையைக் கடைசியில் வைப்பது நமக்குப் பிறவிப் பழக்கம். இதை எடுத்துக் காட்டியதும் வகுப்பில் முகங்கள் மாறுவதைப் பார்ப்பீர்கள். தனக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்று இங்கே செல்லுபடியாகிறது என்பது, நாள் முழுக்க வேலை செய்து வந்தவருக்குப் பெரிய ஆறுதல்.

பிழை திருத்தத்தில் கையைக் கொஞ்சம் கட்டிக்கொள்ளுங்கள். பெயர்ச்சொல்லின் பாலைக் காட்ட அதற்கு முன்னால் வரும் டெர், டீ, டாஸ் மூன்றில் ஒன்று மாறியதும் இடைமறிக்கிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். மூன்றாவது இடைமறிப்பில் எதிரில் இருப்பவர் வாயை மூடிவிடுவார். அவர்கள் பேசும்போது நீங்கள் நடந்துகொண்டே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்த பிறகு எல்லோருக்கும் பொதுவான மூன்று பிழைகளை மட்டும் பெயர் சொல்லாமல் பலகையில் எழுதி, திருத்தத்தை அவர்களையே சொல்ல வையுங்கள். மருந்தின் அளவு, எண்கள், வலது இடது இவற்றில் வரும் பிழையை மட்டும் அந்த இடத்திலேயே நிறுத்தித் திருத்துங்கள். ஏன் என்று அவர்களுக்கே தெரியும், யாரும் வருத்தப்பட மாட்டார்கள்.

நாளொன்றுக்கு முப்பது சொற்கள் கொடுக்கும் வழக்கம் உங்கள் மையத்தில் இருந்தால் அதைப் பத்தாகக் குறைத்துவிடுங்கள். ஹெர்மன் எப்பிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று அளந்து 1885-இல் வெளியிட்டார். படித்த முதல் சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி போய்விடுகிறது, இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் நிற்கிறது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. அதனால் நேற்றைய பத்தை இன்றைக்கும், மூன்று நாள் கழித்தும், அடுத்த வாரமும் கேளுங்கள். கேட்பது முக்கியம். நோட்டைத் திறந்து வாசிக்க வைப்பது போதாது. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் நன்றாகச் செய்தார்கள். வாசித்ததை மூடிவைத்து நினைவுகூர்ந்து பார்த்தவர்களோ ஒரு வாரம் கழித்து அவர்களை முந்தினார்கள். “படிச்சா புரியுது மேம், பேசத்தான் வரல” என்று உங்கள் மாணவிகள் சொல்வார்கள் இல்லையா? வாசித்ததில் பழகியிருக்கிறார்கள், எடுத்துச் சொல்வதில் பழகவில்லை.

மாலை வகுப்புக்கு ஓர் அனுகூலமும் உண்டு, அதையும் மாணவிகளிடம் சொல்லுங்கள். படித்த பிறகு விழித்திருப்பவரைவிடத் தூங்கியவர் குறைவாக மறக்கிறார் என்று ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இருவர் 1924-லேயே காட்டினார்கள். வகுப்பு முடிந்து போய், படுக்குமுன் அந்தப் பத்துச் சொற்களை ஒருமுறை மூடிவைத்துச் சொல்லிப் பார்த்துவிட்டுத் தூங்கலாம். நைட் டூட்டிக்காரர் காலையில் படுக்குமுன் செய்யட்டும். வீட்டுப்பாடமாக இதுவும், ஒரு நிமிட வாட்ஸ்அப் குரல் பதிவு ஒன்றும் போதும். பக்கம் பக்கமாக எழுதச் சொன்னால் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதுவார்கள், அல்லது எழுதாத கூச்சத்தில் வகுப்புக்கே வர மாட்டார்கள்.

விளையாட்டைப் பற்றி நிர்வாகி சொன்னது. சிரிப்பு நல்லதுதான், நான் எதிர்க்கவில்லை. ஆனால் முதலில் பட்டனை அழுத்துபவருக்குப் புள்ளி என்கிற வகை விளையாட்டு வேண்டாம். வேகமான நான்கு பேரே ஒவ்வொரு முறையும் ஜெயிப்பார்கள், பின்தங்கியவர் தான் பின்தங்கியதைத் திரையில் பார்ப்பார். வேண்டுமானால் எட்டு மணிக்கு மேல், குழுவாகச் சேர்ந்து செய்கிற ஏதாவது ஒன்று வையுங்கள்.

தேர்வைப் பற்றியும் அவர்களுக்குத் தெளிவு வேண்டும். கோதே பி1, பி2 தேர்வுகளில் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் நான்கும் தனித்தனிப் பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 100 மதிப்பெண், 60 வாங்கினால் தேர்ச்சி. தவறிய பகுதியை மட்டும் மறுபடி எழுதலாம். நான்கையும் ஒரே நாளில் தாண்டியாக வேண்டும் என்ற பயத்திலேயே பலர் தேர்வைத் தள்ளிப்போட்டு, பிறகு வகுப்பையும் விடுகிறார்கள். எந்தப் பகுதியில் யார் தயார் என்று மாதம் ஒருமுறை ஒவ்வொருவரிடமும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசுங்கள். ஒன்றிரண்டு பகுதிகளை முதலில் முடிப்பவருக்கு மீதியை முடிக்கும் தைரியம் வரும். வேலைக்கு எடுக்கும் தரப்பு தனித்தனிச் சான்றிதழ்களை ஏற்குமா என்று மட்டும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

கடைசியாக அந்த அக்கா. “ஏன் பேச மாட்டேங்கறீங்க?” என்று தனியாக அழைத்துக் கேட்டுவிடாதீர்கள், எழுந்து நிற்கச் சொல்லவும் வேண்டாம். அவர் ஒரு மாதமாகப் பேசாமல் இருந்தும் வந்துகொண்டிருக்கிறார், அதைக் கவனியுங்கள். ஹேண்ட் ஓவர் பயிற்சியில் முதல் இரண்டு வாரம் அவர் ஒப்படைப்பை வாங்கிக்கொள்ளும் பக்கமே இருக்கட்டும். குறிப்பெடுப்பது, ஒரே ஒரு கேள்வி கேட்பது. கேள்வியும் முன்பே எழுதிவைத்ததாக இருக்கலாம்: “ஹாட் எர் ஷ்மெர்ட்ஸன்?” அவருக்கு வலி இருக்கிறதா? ஜோடியாக யாரைப் போடுவது என்பதிலும் கவனம் வேண்டும். வகுப்பின் கெட்டிக்காரச் சின்னப்பெண் வேண்டாம், அவரைப் போலவே பொறுமையாகப் பேசும் ஒருவரைப் போடுங்கள், கொஞ்ச நாளைக்கு அவர்தான் நிரந்தர ஜோடி. பி1 பேச்சுத் தேர்வும் பொதுவாக இருவர் இருவராகத்தான் நடக்கும், அதனால் இது சலுகை என்று யாரும் சொல்ல முடியாது. மறுநாள் எந்த நோயாளியைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று முந்தின இரவே அவருக்குக் குரல் பதிவில் அனுப்பிவிடுங்கள். மூன்றாவது வாரம், அவருக்கு அத்துப்படியான வார்டு எதுவோ, டயாலிசிஸோ பிரசவமோ, அந்த வார்டின் ஒப்படைப்பை வகுப்புக்கே அன்றைய பாடமாக வையுங்கள். தொழில் சந்தேகங்களை மற்றவர்கள் அவரிடம்தான் கேட்டாக வேண்டியிருக்கும். முதலில் தமிழிலேயே பதில் சொல்லட்டும். அந்தப் பதிலிலிருந்து மூன்று வாக்கியங்களை ஜெர்மனில் அவரோடு சேர்ந்து பலகையில் எழுதுங்கள், அன்றைய ஒப்படைப்புக்கு எல்லோரும் அந்த மூன்றையே பயன்படுத்தட்டும்.